அணைக்கக் கூடாத லப்ரொப்

வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குத் தயாளினி லப்ரொப்பைத் திறந்தபோது, முதல்நாள் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி ஏற்றி வைத்த ஒன்றுமே அதில் இல்லை. பைத்தன் இல்லை. நிரல் எழுதும் செயலி இல்லை. பட்டறைக்காரர் அனுப்பிய சோதனைக் கோப்பு இல்லை. முகப்பில் அவள் ஆசையாய்ப் போட்டு வைத்த கீரிமலைக் கடலையும் காணவில்லை. அந்த இடத்தில் 'தேவராசா கல்வி நிலையம், கோப்பாய்' என்ற சிவப்பு எழுத்துப் பழையபடி பல்லை இளித்துக்கொண்டு நின்றது. சனிக்கிழமை காலை எட்டரைக்கு இந்தப் பெட்டி சரியாக வேலை செய்யாவிட்டால் அவளுடைய கிணறுகள் கைவிட்டுப் போய்விடும்.

கிணறுகள் என்றால் சொந்தக் கிணறுகள் அல்ல. தயாளினி நீர் ஆய்வு நிலையம் ஒன்றில் தொழினுட்ப உதவியாளர். வயது முப்பத்தாறு, படிப்பு டிப்ளோமா. ஏழு வருடமாக, வலிகாமத்தில் அறுபத்திரண்டு கிணறுகளில் மாதம் ஒரு தடவை வாளி விட்டு, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறதென்று அளந்து எழுதுகிறவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கப்பியில் கயிறு சிக்கும், எந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் வெளிக்கிட விடமாட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுதிய எண்கள் கொழும்புக்குப் போய்விடும். அங்கே யாரோ அவற்றைப் படமாகக் கீறிக் கட்டுரை எழுதுவார்கள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லுமிடத்தில் 'களப் பணியாளர்கள்' என்று ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்தான் தயாளினி.

இந்த வருடம் பிரிவுத் தலைவி இராசமலர் அதை மாற்றப் புறப்பட்டார். "இனிக் கணக்குப் பார்க்கிறது, படம் கீறுறது எல்லாம் இஞ்சையே நடக்கோணும். சனி, ஞாயிறு ரவுணிலை விஞ்ஞான வேலைக்கான நிரல் பட்டறை ஒண்டு நடக்குது. எங்களுக்கு ஒரு இடம்தான் தந்திருக்கினம். ஆர் அதைச் செய்து முடிக்கினமோ, கிணத்துத் திட்டம் அவையின்ரை பொறுப்பு" என்று எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னார். மூத்தவள் என்பதால் இடம் தயாளினிக்கு வந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் டினேஸ். மூன்று மாதத்துக்கு முன் பட்டத்தோடு வந்து சேர்ந்த பொடியன். நல்ல பொடியன்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வாளியைச் சரிக்கத் தெரியாமல் தண்ணீரின்மேல் மிதக்க விட்டுக்கொண்டு, "அக்கா, இது நிரம்புதில்லை" என்று அவன் நின்ற காட்சியைத் தயாளினி இந்தப் பிறவியில் மறக்கமாட்டாள்.

பட்டறைக்காரரும் லேசுப்பட்டவர்கள் அல்லர். நாலு பக்கத்தில் ஒரு கடுதாசி அனுப்பியிருந்தார்கள். இன்னின்ன மென்பொருளை நிறுவ வேண்டும், இந்த வரிசையில் நிறுவ வேண்டும், கடைசியில் சோதனைக் கோப்பை ஓட விட்டால் ஒன்பது வரி வரும், ஒன்பதுக்கும் பக்கத்தில் 'ஓகே' நிற்க வேண்டும். சனி எட்டரைக்கு மண்டபத்தில் வைத்து அதைக் காட்டாதவரின் இடம் காத்திருப்பவருக்குப் போகும்.

புதன்கிழமை அவள் அந்த ஒன்பது வரியையும் கண்ணால் கண்டவள். கண்டு, கைகொட்டி, லப்ரொப்பை அணைத்து மூடி வைத்துவிட்டுத்தான் சோறு போடப் போனாள்.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவளும் கணவன் ஜெயரூபனும். அச்சுவேலிச் சந்தையடியில் ஓட்டோ ஓடுகிறவன். லப்ரொப்பை வாங்கி வந்ததும் அவன்தான். கோப்பாயில் தேவராசா மாஸ்டர் தன் ரியூசன் நிலையத்தைப் பூட்டியபோது சாமான்கள் விலைப்பட்டன. வாங்கு மேசைகளுக்கும் கரும்பலகைகளுக்கும் நடுவில் இந்த லப்ரொப்பைக் கண்டு தூக்கி வந்திருந்தான். புதன்கிழமைக்கு முதல் அதில் ஒருவரும் ஒன்றும் ஏற்றிப் பார்த்ததில்லை. வெளியில் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றவனிடம் தயாளினி போனாள்.

"நீங்கள் என்ரை லப்ரொப்பைத் தொட்டனீங்களோ?"

"ஓம். மத்தியானம் ஒருக்காத் திறந்தனான். ரெண்டு பாட்டுக் கேட்டிட்டு மூடினனான். ஏன்?"

"நேற்று ஏத்தினது ஒண்டும் இல்லை. எல்லாம் அழிஞ்சு போய்க் கிடக்கு."

"நான் ஒண்டும் அழிக்கேல்லையப்பா. பாட்டுக் கேட்டால் அழியுமே?"

"அப்ப பேய் வந்தே அழிச்சது? நான் போட்ட படத்தைக்கூட மாத்தி வைச்சிருக்கிறியள்."

"எந்தப் படம்?"

அந்த அப்பாவிக் கேள்விதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் ஒரு ஆள் இப்படி முழிக்கலாமா? அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "நான் ஒண்டும் படிச்சு மேலை வந்திடக் கூடாது எண்டு உங்கடை மனசுக்கை கிடக்கு. பெண்டில் வாளியோடை திரியட்டும், அதுதான் உங்களுக்கு வசதி."

ஜெயரூபன் துடைத்த துணியைப் பிழிந்தான். துணியைக் கொடியில் போட்டுவிட்டு, ஓட்டோவை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் போனான். அவன் சண்டை பிடித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மனதில் ஒரு மூலை, இது அளவுக்கு மிஞ்சிப்போன கதை என்று அப்போதே சொல்லியது. அந்த மூலையைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. பென் டிரைவைச் செருகி முதலிலிருந்து தொடங்கினாள். பெரிய கோப்புகளை நிலையத்தில் தரவிறக்கி அதில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டாம் முறை ஒன்றரை மணி நேரம் எடுத்தது. ஒன்பது வரியும் வந்தன. லப்ரொப்பை அணைத்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டாள். ஜெயரூபன் வந்து, அவள் பூட்டிய அலுமாரியையும் கைப்பையையும் பார்த்தான். பசியில்லை என்று சொல்லிப் போய்ப் படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவள் லீவு. காலையில் அலுமாரியைத் திறந்து, லப்ரொப்பைத் திறந்தாள். தேவராசா கல்வி நிலையம் வணக்கம் சொன்னது.

பூட்டிய அலுமாரி. திறப்பு அவளுடைய பையில். இனி யாரைப் பிடித்துத் தின்பது? தயாளினி கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு இருந்தாள். பிறகு ஆய்வு நிலையத்தில் ஏழு வருடம் இருந்த மூளை மெல்ல வேலை செய்யத் தொடங்கியது. ஒரு கிணற்றில் நம்ப முடியாத எண் வந்தால் என்ன செய்வாள்? இன்னொரு போத்தல் அள்ளுவாள். முகப்பில் ஒரு வெற்றுக் கோப்பு உண்டாக்கி 'தயா' என்று பெயர் வைத்தாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். தயா இல்லை. இன்னொரு தடவை. தயா இல்லை. திரையின் வலது கீழ் மூலையில், இரண்டு நாளாகக் கண்டும் காணாமல் விட்ட ஒரு சின்னப் பனிக்கட்டிப் படம் இருந்தது. அதைத் தொட்டால் பாஸ்வேர்ட் கேட்டது.

தேவராசா மாஸ்டர் இப்போது மகளுடன் லண்டனில். வட்ஸ்அப்பில் எடுத்தாள். நல்ல காலம், அங்கே விடிந்திருந்தது.

"ஓ, அந்தப் பனிக்கட்டியோ!" மாஸ்டருக்குச் சந்தோசம் பொங்கியது. "பெடியள் கேம் ஏத்திக் குழப்புறாங்கள் எண்டு நான்தான் கொம்பியூட்டர் படிப்பிச்ச லெனாட் சேரைக் கொண்டு போடுவிச்சனான், பிள்ளை. அவங்கள் என்னத்தையும் செய்யட்டும். ஒருக்கா நிப்பாட்டிப் போட்டால் எல்லாம் அழிஞ்சு, முதல்நாள் இருந்த மாதிரியே வந்திடும். அருமையான சாமான்!"

"அந்தப் பாஸ்வேர்ட் என்ன மாஸ்டர்?"

"அது லெனாட்டுக்குத்தான் தெரியும்."

"அவரின்ரை நம்பர் இருக்கே?"

"அவன் கட்டாருக்குப் போய் ஆறு வருசம். நம்பர் மாத்திப் போட்டான். எப்பிடி, லப்ரொப் நல்லா வேலை செய்யுதே?"

தயாளினி "ஓம் மாஸ்டர்" என்று சொல்லி வைத்தாள். வேறென்ன சொல்வது.

அச்சுவேலியில் கணினி திருத்துகிற கடைக்காரர் பார்த்துவிட்டு, உள்ளதை முழுக்கத் துடைத்து விண்டோஸ் புதிதாகப் போட்டால்தான் இது போகும் என்றார். எப்போது தருவீர்கள் என்று கேட்டாள். "திங்கட்கிழமை பின்னேரம் வாங்கோ அக்கா." வேறு லப்ரொப் இரவல் வாங்கலாமென்று தங்கைக்கு எடுத்தாள். தங்கையின் மகளுக்குச் சனிக்கிழமை இணைய வகுப்பு. நிலையத்தில் இருப்பதெல்லாம் மேசைக் கணினிகள். சொந்தமாக லப்ரொப் வைத்திருக்கிற ஒரே ஆள் டினேஸ். அவனிடம் கேட்பதைவிடப் பதினேழாம் இலக்கக் கிணற்றுக்குள் குதிக்கலாம்.

ஜெயரூபன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே நடந்ததை அவள் சொன்னாள். பனிக்கட்டி, மாஸ்டர், கட்டார், திங்கட்கிழமை எல்லாம். தான் அவனைச் சொன்னது பிழை என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரியும். சொல் தொண்டைவரை வந்தது. 'இப்ப அதுக்கு நேரமில்லை, பட்டறை முடியட்டும்' என்று தனக்குத்தானே ஒரு சாட்டுச் சொல்லி விழுங்கிவிட்டாள். ஜெயரூபன் அவளைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சோற்றைக் குழைத்தான்.

"அணைச்சால்தானே அழியும்?" என்றான்.

"ஓம்."

"அப்ப அணைக்காமல் கொண்டுபோனால்?"

அவள் நின்றாள். "பற்றறி செத்துக் கிடக்கு. வயரைக் கழட்டினால் அந்தக் கணமே நூந்துபோம்."

"நிருஷன்ரை போட்டோக் கொப்பிக் கடையிலை யூபிஎஸ் ஒண்டு கிடக்கு. கரண்ட் நிண்டாலும் கொம்பியூட்டரை அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் பிடிக்கும் எண்டு சொல்லுவான். ஓட்டோவிலை வைச்சுக் கொண்டு போவம்." சொல்லிவிட்டுக் கைகழுவப் போனான்.

பின்னேரம் யூபிஎஸ் வந்தது. கல்லைப்போலக் கனக்கிற கறுத்தப் பெட்டி. தயாளினி மூன்றாம் முறை தொடங்கினாள். முதலில் தேதியைத் திருத்த வேண்டும். ஏனென்றால் மின் நின்று வருகிற ஒவ்வொரு தடவையும் இந்த லப்ரொப் 2017ஆம் ஆண்டுக்குப் போய்விடும், தேதி பிழைத்தால் இணையத்திலிருந்து ஒன்றும் இறங்காது. பிறகு பைத்தன். அதில் இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குச் சரி போட மறந்தால் பிறகு எல்லாம் பிழைக்கும். புதன்கிழமை ஒரு மணி நேரத்தைத் தின்றது அந்தப் பெட்டிதான். பிறகு மற்றவை. ஒன்பது வரியும் வந்தபோது மணிக்கூட்டைப் பார்த்தாள். இருபத்துநாலு நிமிடம். அவளுக்கு அதில் ஒரு புளுகமோ பெருமையோ இல்லை. லப்ரொப்பின் மூடியைக்கூட மூடப் பயந்து, மேலே ஒரு துவாயைப் போட்டுவிட்டு, விடியும்வரை அரைத்தூக்கமாய்க் கிடந்தாள்.

சனிக்கிழமை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு யூபிஎஸ்ஸைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். அது உடனே 'கீ' என்று கத்தியது.

"உதென்ன?"

"கரண்ட் இல்லை எண்டு சொல்லுது. பயப்பிடாதையும், உது கத்திக்கொண்டுதான் இருக்கும்."

ஓட்டோவின் பின்சீற்றில் தயாளினி. மடியில் திறந்தபடி லப்ரொப். காலடியில் யூபிஎஸ். பத்துச் செக்கனுக்கு ஒரு 'கீ'. அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணம் வர முக்கால் மணி நேரத்துக்குள்தான் எடுக்கும். எட்டு மணிக்கு முதல் மண்டபத்துச் சுவரில் செருகிவிடலாம் என்று கணக்கு. நல்லூர்த் திருவிழாக் காலம், கோயிலைச் சுற்றி வீதி மறித்திருப்பார்கள் என்று ஜெயரூபன் அதற்கும் ஒரு சுற்றுவழி யோசித்து வைத்திருந்தான். நீர்வேலி வாழைத் தோட்டங்களைக் கடக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பள்ளம் திட்டி வரும்போது அவன் மெல்ல இறக்கி ஏற்றினான், பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோகிறவன் மாதிரி.

கோப்பாய் தாண்டி இருபாலைப் பக்கம் திரும்பியபோது முன்னால் ஒரு தூக்குக்காவடி.

உழவு இயந்திரத்தில் மரம் கட்டி, அதில் ஒரு ஆள் முதுகிலும் காலிலும் செடில் குத்தித் தொங்கிக்கொண்டு போனார். முன்னால் மேளம். பின்னால் வேப்பிலையோடு பெண்கள், முழு வீதிக்கும் விரிந்து. உழவு இயந்திரம் ஊர்ந்தது. ஜெயரூபன் பின்னால் ஊர்ந்தான்.

"கோண் அடியுங்கோவன்."

"காவடிக்குப் பின்னாலை நிண்டு கோண் அடிக்கேலுமே? என்ன கதை கதைக்கிறீர்."

அவளுக்கும் அது தெரியும். கையெடுத்துக் கும்பிட்டாள். 'முருகா, நீ எனக்கு நல்லது செய்யாட்டிலும் கொஞ்சம் கெதியாப் போ' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, சொன்னதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த சந்தி வந்தால் திரும்பலாம் என்று வீதியில் நின்றவர்கள் சொன்னார்கள், அந்தச் சந்தியில் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்தார்கள். காவடி அங்கேயும் நின்று ஆடியது. யூபிஎஸ் இப்போது ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை கத்தத் தொடங்கியிருந்தது. வேப்பிலையோடு போன ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "உள்ளுக்கை என்ன, கோழிக்குஞ்சே?" என்று கேட்டாள். தயாளினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. திரையைப் பார்ப்பாள், முன்னால் பார்ப்பாள், மணிக்கூட்டைப் பார்ப்பாள். காலை நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது.

ஒருவழியாக ஒரு ஒழுங்கையால் ஜெயரூபன் வெட்டி எடுத்துக் கல்வியங்காட்டுச் சந்தையடிக்கு வந்தபோது, 'கீ கீ' என்று இடைவெளி இல்லாமல் கத்தின யூபிஎஸ் திடீரென்று வாயை மூடியது. ஒலி நின்றதும் ஜெயரூபன் திரும்பிப் பார்த்தான். தயாளினியின் மடியில் கறுத்த கண்ணாடி. அதில் அவளுடைய முகம்தான் தெரிந்தது.

ஓட்டோவை ஓரமாக நிறுத்தினான்.

"ஒழுங்கையை முதலே பிடிச்சிருக்கோணும்," என்றான். "என்ரை பிழைதான். திரும்புவமே?"

மணி ஏழு ஐம்பத்தேழு. அவன் தன்னுடைய பிழை என்று சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. செய்யாத பிழைக்கும் பேச்சு வாங்கினவன், செய்யாத இன்னொரு பிழையையும் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறான். "போங்கோ," என்றாள். "நிப்பாட்டாமல் போங்கோ."

ஆஸ்பத்திரி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்குள் இருந்த மாடிக் கட்டடம். அவள் லப்ரொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறியபோது எட்டு ஐந்து. மேலே ஏறும் வாசலில் டினேஸ் புது லப்ரொப் பையோடு நின்றான். யாராவது வராவிட்டால் இடம் கிடைக்குமென்று வந்திருந்தான். அதில் பிழையும் இல்லை. பட்டியலோடு இருந்த ஒருங்கிணைப்பாளப் பிள்ளையின் பெயர் டிலக்ஷி என்று சட்டையில் குத்தியிருந்தது.

"அக்கா, ஒன்பது வரியும் வருதே? காட்டுங்கோ."

"இல்லைப் பிள்ளை. இப்ப இதிலை ஒண்டும் இல்லை. வாற வழியிலை எல்லாம் அழிஞ்சு போச்சு. எட்டரை வரைக்கும் எனக்கு நேரம் இருக்குதுதானே?"

டிலக்ஷி மணிக்கூட்டைப் பார்த்தாள். "இருபத்தைஞ்சு நிமிசத்திலை ஏலாதக்கா. போன முறை எங்களுக்கே ஆளுக்கு ரெண்டு மணித்தியாலம் எடுத்தது."

"இருக்குதோ இல்லையோ?"

"இருக்கு."

சுவரோரம் ஒரு மேசையில் செருகினாள். 2017 வந்தது. தேதியைத் திருத்தினாள். பென் டிரைவ். நாலு பக்கக் கடுதாசி கைப்பைக்குள் கிடந்தது, அதை எடுக்கும் எண்ணமே அவளுக்கு வரவில்லை. கை தன்பாட்டில் போனது. அந்தச் சின்னப் பெட்டி, சரி. அடுத்தது, சரி. பச்சைக் கோடு திரையில் ஆமைபோல நகர்ந்தபோது மாத்திரம் அவளுடைய கால் மேசைக்குக் கீழே தையல் மெசின் மிதித்தது. டினேஸ் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அக்கா, தாங்கோ, நான் செய்து விடுறன்."

"வேண்டாம் டினேஸ். நான் மூண்டு தரம் செய்தனான்."

முன்மேசையில் ஒரு விரிவுரையாளர், தனக்கு எதுவுமே இறங்கவில்லை என்று டிலக்ஷியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். தயாளினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தேதியைப் பாருங்கோ சேர்" என்றாள். தேதிதான். இன்னொருவருக்குப் பைத்தனைக் காணவில்லையாம். "ரெண்டாம் பக்கத்திலை ஒரு பெட்டிக்குச் சரி போடேல்லை." அதுவும் சரி. யார் இந்த அக்கா என்று ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. எட்டு இருபத்தாறு. தன்னுடைய போனிலிருந்து இணையம் எடுத்து, மிச்சமிருந்த இரண்டு சின்னக் கோப்புகளையும் இறக்கினாள். எட்டு இருபத்தெட்டு. சோதனைக் கோப்பை ஓட விட்டாள். டிலக்ஷி பேனையோடு பின்னால் வந்து நின்றாள்.

ஓகே, ஓகே, ஓகே. எட்டு வரி வந்தன. ஒன்பதாவது சிவப்பாக வந்தது.

டிலக்ஷி பெருமூச்சு விட்டாள். "சொறி அக்கா." பேனை பட்டியலில் கீழே, டினேஸின் பெயரை நோக்கிப் போனது.

"பொறும் பிள்ளை. உது முதல் தரம் உப்பிடித்தான். மூண்டு தரமும் உப்பிடித்தான் வந்தது. ஏனெண்டு எனக்குத் தெரியாது. ரெண்டாம் தரம் வரும்."

மறுபடி ஓட விட்டாள். டிலக்ஷியும் குனிந்தாள், டினேஸும் குனிந்தான். எட்டு வரி. பிறகு ஒன்றும் இல்லை. இந்தப் பெட்டியை ரியூசன் பெடியள் எப்படியெல்லாம் குத்தியிருப்பார்கள், அவ்வளவு குத்தையும் மொத்தமாய்ச் சேர்த்து ஒரு குத்துக் குத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

ஓகே.

டினேஸ்தான் முதலில் சிரித்தான். "வாளி நிரம்பிட்டுது அக்கா" என்று சொல்லித் தன் பையைத் தோளில் மாட்டினான். அவன் படியிறங்கும் சத்தம் கேட்டபோது அவளுக்கு அவன்மேல் ஒரு பிரியம் வந்தது. திங்கட்கிழமை அவனுக்கு வாளி சரிக்கக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னேரம் எல்லாரையும் தங்கள் தங்கள் சொந்தத் தரவை ஏற்றச் சொன்னார்கள். தயாளினி பென் டிரைவிலிருந்து ஏழு வருடத்தை ஏற்றினாள். பன்னிரண்டு வரி நிரல். அறுபத்திரண்டு கோடுகள் திரையில் எழும்பின. வருடாவருடம் ஆவணியில் ஏறி, மாரி மழைக்கு இறங்கி, மறுபடி ஏறி. பதினேழாம் இலக்கக் கிணறு மட்டும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக, மழை பெய்தும் இறங்க மறந்துகொண்டு வந்தது. அவளுக்கு அது முன்பே தெரியும், நாக்கில் வைத்துப் பார்த்தவள். ஆனால் கண்ணால் இன்றைக்குத்தான் கண்டாள். படத்தைப் பென் டிரைவில் போட்டு, இராசமலருக்கும் அனுப்பினாள். 'திங்கள் காலை என்னிடம் வந்து கதையும். இது உம்முடைய வேலை' என்று அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது.

ஐந்து மணிக்கு மண்டபம் காலியாகியது. படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம். ஜெயரூபன். இரண்டு கையாலும் அந்தக் கறுத்தப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தான். சட்டை முழுக்க வேர்வை.

"நீங்கள் ஹயருக்குப் போகேல்லையே?"

"இல்லை. கீழை வோச்சர்ரை அறையிலை கேட்டு, காலமையிலை இருந்து இதை சார்ச் போட்டனான். இப்ப முழுக்க நிரம்பியிருக்கு. அச்சுவேலி மட்டும் தாராளமாக் காணும். இண்டைக்குப் பின்னேரம் காவடியும் இல்லை, விசாரிச்சனான்." பெட்டியை இறக்கி வைத்துத் திரையைப் பார்த்தான். "உதென்ன கோடு?"

"என்ரை கிணறுகள்."

அவன் குனிந்து நல்லாகப் பார்த்தான். பார்த்துவிட்டு யூபிஎஸ்ஸின் வயரை எடுத்து, லப்ரொப்பின் பக்கம் கொண்டுபோனான். தயாளினி அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். மற்றக் கையால் லப்ரொப்பை அணைத்தாள்.

"ஐயோ! என்ன செய்யிறீர்?"

"அழிஞ்சால் அழியட்டும். நாளைக்கு இருபத்தைஞ்சு நிமிசம் முந்தி வந்தால் காணும்."

அவன் இருண்ட திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பகல் முழுக்க அவன் காவல் காத்த யூபிஎஸ் காலடியில் கிடந்தது. அவளுக்கு அதைப் பார்க்க இயலவில்லை. இனி எந்தச் சாட்டும் மிச்சமில்லை.

"அண்டைக்கு உங்களை நான் சொன்னது பிழை," என்றாள். "அழிச்சனீங்கள் எண்டது மட்டுமில்லை. உங்கடை மனசுக்கை என்ன கிடக்கு எண்டு சொன்னனே, அதுதான் பெரிய பிழை."

ஜெயரூபன் வயரைச் சுற்றத் தொடங்கினான். முகத்தில் கோபம் தெரியவில்லை.

"உந்தப் பெட்டிக்கு அணைச்சால் எல்லாம் அழிஞ்சிடும்," என்றான். "எனக்கு அழியாது தயா. நீர் அலுமாரியைப் பூட்டினது இன்னும் கண்ணுக்கை நிக்குது."

"அப்ப நாளைக்கும் சொல்லுறன்."

"நாளைக்கும் சொன்னால்?"

"அழியாட்டில் அதுக்கு அடுத்த நாளும் சொல்லுறன்."

அவன் யூபிஎஸ்ஸின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். அவள் லப்ரொப்பைப் பையில் போட்டுத் தோளில் கொழுவிவிட்டு, மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

"சொல்லுறதெண்டால் வெளிக்கிட முந்திச் சொல்லும்," என்றான் முதல் படியில் காலை வைத்துக்கொண்டு. "ஓட்டோச் சத்தத்துக்கை எனக்குக் கேக்காது."